யோசேப்பின் எலும்பை யார் கேட்டார்கள்?

மட்டாஞ்சேரி
12-8-2022

அண்ணாவுக்கு ஸாதனா நமஸ்காரம். இங்கே நானும் அம்மாவும் க்ஷேமம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் க்ஷேமம் இல்லை. உன் வயிறு எப்படி இருக்கிறது? ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

இவள் ஏன் கடுதாசி எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். ஃபோனில் ஊர்க்கதை பேசும்வரை உனக்கு ரேஞ்ச் பிரமாதமாக இருக்கிறது. அப்பா பேச்சை எடுத்தவுடன் போய்விடுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஈமெயிலுக்கு அந்த வியாதி கிடையாது. மலையாளத்தில் எழுதினால், நீ ஜெருசலேமுக்கும் எகிப்துக்கும் கூட்டிப்போகிற கிறிஸ்தவ யாத்திரைக்காரர்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் படிப்பார்கள் என்று நீதான் சொல்வாய். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மாசியில் அப்பா போனார். ஆலுவா ஆறு வேண்டாம், என் அஸ்தியை ராமேஸ்வரம் சமுத்திரத்தில் கரை என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, கிணற்றடி மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த கலசத்தை எடுத்துக்கொண்டு நீ கிளம்பினாய். இருபது நாள் கழித்து எகிப்திலிருந்து திரும்பினாய். அதற்குப் பிறகு மாசிகத்துக்கு வருகிறாய், இலையில் உட்காருகிறாய், சாயங்காலமே ஏர்போர்ட். ராமேஸ்வரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வருஷ சிராத்தத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ராமேஸ்வரம் போக வேண்டுமாம். "விஸ்வம் எங்கேயாக்கும் நின்னு கரைச்சான்? அக்னி தீர்த்தத்திலயோ, தனுஷ்கோடியிலயோ? அதே எடத்துல நானும் ஒரு முங்கு முங்கணம். கேட்டு எழுது" என்கிறாள். நம் புரோகிதர் வெங்கிடேஸ்வர வாத்தியாரும் திதியைக் கேட்கிறார். எந்த நாள், எந்த இடம், எந்த சாஸ்திரிகள். மூன்றே கேள்வி. பதில் போடு.

அம்மாவின் ஆசீர்வாதத்துடன்,
ஸாதனா

*

லக்ஸர், எகிப்து
29-8-2022

ஸாதனாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். வயிறும் சௌக்கியம். அம்மாவுக்கு அந்தத் தைலத்தைச் சூடு பண்ணித் தேய்க்கிறாயா?

இங்கே உஷ்ணம் மண்டையைப் பிளக்கிறது. இன்று கூட்டத்தைக் கர்னாக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். நம் ஊர்க் கோயில் பிராகாரத்தை நூறு மடங்கு பெருக்கினால் அதுதான். கும்பிட ஒருவரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு ராஜாக்களின் சமாதிப் பள்ளத்தாக்கு. செத்தவர்களுக்காக மலையைக் குடைந்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் வடுதலைக்காரர் ஒருவர், "ஸாரே, நம்மடெ யோசேப்பு இங்கேயா அடக்கம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். யோசேப்பு சாகும்போது தன் ஆட்களிடம் சத்தியம் வாங்கினான். கடவுள் ஒரு நாள் உங்களை இங்கிருந்து கூட்டிப்போவார், அப்போது என் எலும்புகளையும் எடுத்துப் போங்கள் என்றான். தலைமுறைகள் கழித்து, ஊரே தப்பி ஓடுகிற அவசரத்திலும் மோசே அந்த எலும்புகளை மறக்காமல் எடுத்துக்கொண்டான். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் சுமந்தார்கள். மோசே எல்லையிலேயே செத்துப்போனான். எலும்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டேன். கூட்டத்தில் எல்லாரும் பக்தி என்று நினைத்தார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.
விஸ்வநாத்

*

மட்டாஞ்சேரி
3-9-2022

அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே க்ஷேமம். தைலம் தேய்க்கிறேன்.

யோசேப்பின் எலும்பை யார் கேட்டார்கள்? நான் கேட்டது அப்பாவின் எலும்பை.

பாலக்காட்டுப் பிராமணன் நஸ்ராணிக் கிறிஸ்தவர்களைப் புண்ணிய பூமிக்குக் கூட்டிப்போகிறானே என்று அப்பா கடைசிவரை தலையில் அடித்துக்கொண்டார். நான்தான் உனக்காகப் பேசினேன். இப்போது தோன்றுகிறது, அவர் சரி. நான் ஒன்று கேட்டால் நீ தீர்க்கதரிசி ஒருத்தனைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு அவன் பின்னால் ஒளிந்துகொள்கிறாய். சமாதி பார்க்க எகிப்துக்கா போக வேண்டும்? நம் சினகாக் தெருவிலிருந்து ஐந்து நிமிஷத்தில் யூதர்களின் பழைய கல்லறை இருக்கிறது. உன் ஐம்பத்து நாலு வயசுக்கு என்னை ஒரு நாள் அங்கே கூட்டிப்போயிருக்கிறாயா?

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நம்ம விஸ்வத்துக்கு எத்தனை விஷயம் தெரியறது பார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. படித்து முடித்தவுடன், "அதிருக்கட்டும், எந்த எடம்னு எழுதலையே" என்றாள்.

மார்கழி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறாள். டிசம்பர் 23. மதுரை வரை ரயில், அங்கிருந்து கார். முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி என்றால், "தவழ்ந்தாவது போறேன்" என்கிறாள். பதிலை இந்தத் தடவை முதல் வரியிலேயே எழுது. தீர்க்கதரிசிகள் கடைசியில் வரட்டும்.

ஸாதனா

*

ஜெருசலேம்
10-10-2022

ஸாதனாவுக்கு ஆசீர்வாதம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே, அடுத்தடுத்து இரண்டு கூட்டம். உடம்பு பரவாயில்லை. தூக்கம்தான் சரியில்லை.

அம்மாவிடம் எல்லாம் முறைப்படி ஆயிற்று என்று சொல். திதியை வாத்தியாரே ஒன்று குறித்துக்கொள்ளட்டும். மார்கழியில் அலைய வேண்டாம், கூட்டம் நெரியும். வருஷ சிராத்தம் முடியட்டும், நானே அழைத்துப்போகிறேன்.

இன்று ஒலிவ மலைச் சரிவு முழுக்கக் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். இங்கே பூ வைப்பதில்லை. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சின்னக் கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போகிறார்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசியை ஒரு பள்ளத்தாக்கில் நிறுத்தி, உலர்ந்த எலும்புகளைக் காட்டி, இவை உயிர் பெறுமா என்று கடவுள் கேட்டாராம். அதை நீர்தான் அறிவீர் என்றானாம் அவன். வேறு என்ன சொல்வான் பாவம்.

இன்னொரு கதை யாரும் கேட்கமாட்டார்கள், நானும் சொல்வதில்லை. யூதாவிலிருந்து ஒரு தீர்க்கதரிசி பெத்தேலுக்குப் போகிறான். வழியில் எங்கும் தங்காதே, சாப்பிடாதே என்று உத்தரவு. இன்னொரு கிழவன் பொய் சொல்லி அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைக்கிறான். சொன்னதைச் செய்யாததால் உன் பிதாக்களின் கல்லறையில் நீ சேரமாட்டாய் என்று வாக்கு வருகிறது. அப்படியே வழியில் சிங்கம் கடித்துச் சாகிறான். பொய் சொன்ன கிழவனே அவனைத் தூக்கிவந்து தன் சொந்தக் கல்லறையில் வைக்கிறான். நான் செத்தால் என் எலும்புகளை இவன் எலும்புகள் பக்கத்தில் வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறான். நெடுங்காலம் கழித்து யோசியா ராஜா அந்த ஊர்க் கல்லறைகளையெல்லாம் இடிக்கிறான். இதை மட்டும் பார்த்துவிட்டு, இருக்கட்டும், அவன் எலும்புகளை யாரும் அசைக்க வேண்டாம் என்கிறான்.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது.

விஸ்வநாத்

*

மட்டாஞ்சேரி
14-10-2022

அண்ணாவுக்கு நமஸ்காரம். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எர்ணாகுளத்தில் வக்கீல் ஆபீசில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பொய் சாட்சி சொல்கிறவன் எல்லாரும் ஒரே மாதிரிதான். நேர்க் கேள்விக்கு "எல்லாம் முறைப்படி நடந்தது" என்பான். நாள் கேட்டால் வேறு யாரையாவது காட்டுவான். நீ வாத்தியாரைக் காட்டியிருக்கிறாய்.

நேற்று திருப்பூணித்துறையில் உறவுக்காரர் ஒருவரின் பதின்மூன்றாம் நாள் சாப்பாடு. மதுரையிலிருந்து ராமபத்ரன் வந்திருந்தான். அப்பா அஸ்தியோடு போகும்போது நீ அவன் வீட்டில்தானே தங்குவதாக இருந்தது? "அன்னிக்கு விஸ்வண்ணாவுக்கு எத்தனை சிரமம், நீ காரெல்லாம் ஏற்பாடு பண்ணினயே" என்று நன்றி சொல்லப்போனேன். அவன் முழித்தான். "விஸ்வண்ணா வரவே இல்லையே. ஸ்டேஷன்லேர்ந்து ஃபோன் பண்ணி, அப்புறம் வரேன்னான். இன்னி வரைக்கும் வரலை" என்றான்.

அம்மா அப்போது கை அலம்பப் போயிருந்தாள். அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அந்த மண்டபத்திலேயே என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

யோசேப்பு வேண்டாம், எசேக்கியேல் வேண்டாம், சிங்கம் கடித்துச் செத்தவன் வேண்டாம். அப்பாவை எங்கே வைத்தாய்?

ஸாதனா

*

அம்மான், ஜோர்டான்
28-10-2022

ஸாதனா,

அப்பா சுள்ளிக்கல்லில் இருக்கிறார். சர்ச் கல்லறையில். அந்தப்பன் என்கிறவரின் குழி மேல்.

எர்ணாகுளம் ஸௌத் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து ஃபோன். எகிப்துக்குக் கூட்டிப்போக வேண்டியவன் காய்ச்சலில் விழுந்துவிட்டான். நாற்பத்தொரு பேர் சாயங்காலம் நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் வந்து நிற்பார்கள், நீ வராவிட்டால் யாத்திரையே இல்லை என்றார்கள். இருபது நாள்தானே, வந்து கரைக்கலாம் என்று நினைத்தேன். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மறுபடி மரத்தில் கட்டலாம் என்றால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆபீஸ் ஸ்டோர் ரூம் அலமாரியில் வைத்தேன். செத்தவரின் எலும்பு என்று அங்கே யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லக் கூச்சம்.

யாத்திரைக்காரர்களுக்குப் புண்ணிய பூமி மண் என்று நாங்கள் சின்ன மண் கலசத்தில் அடைத்து, வாயில் சிவப்புத் துணி கட்டிக் கொடுப்போம். அப்பாவின் கலசமும் மண், துணியும் சிவப்பு. இரண்டும் ஒரே அலமாரி. இதை யோசிக்காதவன் என்ன மனுஷன்.

நான் கெய்ரோவில் இருக்கும்போது பிலோமினா என்று ஒரு சேச்சி ஆபீசுக்கு வந்தாளாம். புருஷனின் நாற்பத்தொன்றாம் நாள், குழியில் தூவ ஜெருசலேம் மண் வேண்டும் என்றாளாம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அம்ருதா கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. அந்த ஊர் மண் சுண்ணாம்புக் கல் மண், வெள்ளையாகத்தான் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வந்திறங்கிய அன்றே அங்கே ஓடினேன். முந்தின நாள்தான் தூவியிருந்தாள். ஈர மண் மேல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பொறுக்கிவிடலாம் என்று மண்டியிட்டேன். பின்னால் அழுகைச் சத்தம். "ஜெருசலேமில்நின்னு வந்நு, நேரே எண்டெ ஆளுக்கு வேண்டி ப்ரார்த்திக்கான் வந்நல்லோ ஸாரே" என்று அந்தச் சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டம் வந்தாலும் நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அம்மா எதிரில் உட்கார முடியவில்லை.

விஸ்வநாத்

*

மட்டாஞ்சேரி
3-11-2022

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மட்டாஞ்சேரி படகில் உட்கார்ந்து படித்தேன். படகில் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று துண்டை விரித்துப்போடுவாரே அப்பா, அவரை நினைத்தேன். சிரிப்பு வந்தது. பிறகு படகுத் துறையில் இறங்கி, நின்றபடியே அழுதேன். சாயாக் கடைக்காரர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

நேற்று ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சுள்ளிக்கல்லுக்குப் போனேன். எனக்குத் தெரியாது, நேற்று அவர்களுக்கு எல்லா ஆத்மாக்கள் திருநாளாம். கல்லறை முழுக்கப் பூவும் மெழுகுவர்த்தியும். ஒவ்வொரு குழியையும் வீட்டு வாசல் மாதிரி பெருக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப்பனின் குழியை விசாரித்துப் போனேன். பிலோமினா சேச்சி பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் சொல்லிவிட்டேன். உன்னால் எட்டு மாசமாக முடியாததை எட்டு நிமிஷத்தில் சொன்னேன். அவள் குழி மேல் இருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஞான் எல்லா தெவசமும் அதைத் தொட்டு நெத்தியில் வச்சல்லோ, மோளே" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பு எங்களுடையது, திட்டுங்கள் என்றேன். அவள் திட்டவில்லை. அப்பா பேர் என்ன, என்ன வேலை என்று கேட்டாள். அனந்தநாராயணன், குறுமிளகுக் கிடங்கில் தரம் பிரிக்கிறவர் என்றேன். அவள் புருஷன் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் ரிப்பேர் பண்ணினவராம்.

மேல் மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொள்ளட்டுமா, ராமேஸ்வரத்தில் கரைக்க என்று கேட்டேன். "எடுத்தோ. பக்ஷே நோக்கிப் பொறுக்கண்டா" என்றாள். எங்கள் ஆள் எது, உங்கள் ஆள் எது என்று பார்த்துப் பொறுக்காமல் அப்படியே ஒரு பிடி அள்ள வேண்டுமாம். "எண்டெ ஆள் ராமேஸ்வரம் கண்டிட்டில்லா. ரெண்டுபேரும் போயிட்டு வரட்டே" என்றாள்.

நான் எடுக்கவில்லை. அள்ள வேண்டியவன் நீ. கொள்ளி வைத்தவன் நீ. வந்து அந்தச் சேச்சி எதிரில் மண்டியிட்டு அள்ளு. போன தடவை போலப் பாதியில் எழுந்து ஓடாதே.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் ராமேஸ்வரத்துக்கு இப்போதே பை கட்டுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

ஸாதனா

*

கெய்ரோ
20-11-2022

ஸாதனாவுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சௌக்கியம்தானே.

நீ சேச்சியிடம் சொன்னது நல்லது. என் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கிவிட்டது. டிசம்பரில்தான் சங்கடம். பெத்லகேம் கிறிஸ்துமஸ் கூட்டம், ஐம்பத்திரண்டு பேர். வருஷத்திலேயே பெரியது. நடுவில் விட முடியாது. ராமபத்ரன் துணைக்கு வருவான். நீயே ஒரு பிடி எடுத்துப்போய்க் கரைத்துவிடேன். அம்மாவிடம் மிச்சம் இருந்ததை இரண்டாம் தடவை கரைக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இத்தனை வயசில் அவளுக்கு எதற்கு இதெல்லாம் தெரிய வேண்டும்?

விஸ்வநாத்

*

மட்டாஞ்சேரி
21-11-2022

அன்றைக்கு நாற்பத்தொரு பேர். இன்றைக்கு ஐம்பத்திரண்டு பேர். அப்பா ஒருத்தர்.

டிசம்பர் 21 சாயங்காலம் ஸௌத் ஸ்டேஷன். மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதும் நீதான். நான் உனக்காக அப்பாவிடம் வாதாடினேன், சேச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். இது ஒன்றை உனக்காகச் செய்ய மாட்டேன். நீ வராவிட்டால் உன் கடிதங்கள் அத்தனையும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன், யோசேப்பிலிருந்து ஆரம்பித்து.

ஸாதனா

*

ஜெருசலேம்
1-12-2022

ஸாதனாவுக்கு ஆசீர்வாதம்.

கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். 20ஆம் தேதி காலை வருகிறேன். முதலில் சுள்ளிக்கல், பிறகு வீடு. அம்மாவிடம் நானே சொல்கிறேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் சொல்ல எனக்குக் கதை ஒன்றும் இல்லை.

அண்ணா

*

மட்டாஞ்சேரி
9-1-2023

சிரஞ்சீவி விஸ்வத்துக்கு அம்மா சீதாலக்ஷ்மி ஆசீர்வாதம். நான் சுகம். முழங்கால் ராமேஸ்வரம் போய்வந்ததிலிருந்து வீங்கியிருக்கிறது, அதற்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஸாதனா சொன்னாள், மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜோர்டான் போய்விட்டாயாமே. இதை நான் கையால் எழுதி, அவள் போட்டோ பிடித்து அனுப்புகிறாள்.

நீ கெட்டிக்காரன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் அந்தப் பிடி மண்ணை வைத்துக்கொண்டு சொன்னாய். கரையில் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். தண்ணீரில் என் கால் தரிக்கவில்லை, உன் தோளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் நான் பேசவில்லை என்று நீ ஸாதனாவிடம் அழுதாயாம். பேச வரவில்லை. பத்து மாசம் நீ பேசவில்லையே, எனக்கு ஒரு ராத்திரி கூடாதா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துக்கொண்டு சுள்ளிக்கல்லுக்குப் போனேன். அந்தப் பிலோமினா நாற்காலி போட்டாள், சாயா கொடுத்தாள். குடித்தேன். உன் அப்பா இருந்தால் குடிக்க விட்டிருக்க மாட்டார். அவளும் நானும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் ஆள் கோபக்காரராம். நம்ம ஆளும் அப்படித்தான் என்றேன். இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகிறதோ என்று அவள் சிரித்தாள். மிச்சம் இருப்பதை நான் எடுக்கவில்லை. இருக்கட்டும்.

அஸ்தி கைமாறிப்போனதற்கு உன்னை நான் திட்டமாட்டேன். அது யாருக்கும் நடக்கும். என் ஆற்றாமை வேறு. மாசிகத்துக்கு மாசிகம் வந்தாய், என் எதிரில் சாப்பிட்டாய், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. என்மேல் என்ன கோபமோ என்று நான் பத்து மாசம் யோசித்தேன். அப்பாவுக்கு வைத்தியம் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறாயோ என்று யோசித்தேன். சாமி முன்னால் நின்று அதைத்தான் கேட்டேன்.

சிராத்தத்துக்கு முதல் நாள் வராதே. ஒரு வாரம் முன்னால் வா. ஏர்போர்ட்டுக்குப் போகிற டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வராதே.

வீட்டு வாசலிலிருந்து சுள்ளிக்கல் ஆட்டோவில் பத்து நிமிஷம். நான் கணக்குப் பார்த்தேன். அத்தனை மாசமும் அப்பா பத்து நிமிஷ தூரத்தில்தான் இருந்திருக்கிறார். அவர் எங்கேயும் தொலையவில்லை, விஸ்வம். உன்னைத்தான் காணோம்.

அம்மா